ஒட்டுகிற தரை

கால் அடுத்த அடிக்குப் போய்விட்டது. செருப்பு போகவில்லை. புதுப் பெயிண்டில் அப்பியபடி அங்கேயே கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்க! உங்க தரை என் செருப்பைப் பிடிச்சு வச்சிருக்கு."

கணவர் ஷட்டருக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறானாலும் முதலில் பின்னந்தலையைச் சொறிந்துகொள்வார்.

"ஈரப்பதமா இருக்கும். நாளைக்குக் காய்ஞ்சிடும்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

அவளுக்கோ நாள் இல்லை. பாதி வாழ்க்கையை அடுத்தவர் பார்லரில் பெண்களுக்கு முடி வெட்டியே கழித்தவள். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான் கடைசிவரை அவளுக்கு வாய்த்தது. முதலாளியம்மாவின் மருமகள் வந்து அவளுக்கே கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த அன்று, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் எல்லாரும் "நீங்க எங்க போனாலும் நாங்க அங்க வருவோம்" என்றார்கள். வருவார்கள்தான். ஆனால் ஒருமுறை வேறு கை பட்டுவிட்டால் முடிந்தது கதை, அப்புறம் தெருவில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. அவர்களில் முதல் ஆளாக ஒரு டீச்சர் அவளுடைய புது இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். இன்று வெள்ளி.

காரை விற்றபின் சும்மா கிடந்த ஷெட்டை அவள் சொந்த பார்லராக மாற்றிக்கொண்டிருந்தாள். தரைதான் தொல்லை. பழைய சிமெண்ட், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக. வெட்டிய முடி அதில் இறங்கினால் எந்தத் துடைப்பத்துக்கும் வராது. வழவழவென்று எபாக்ஸி பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். கார் ஒழுகவிட்டுப் போன ஆயில் கறையை முட்டி போட்டு சோப்புத் தூளும் பிரஷ்ஷுமாகத் தேய்த்தாள். தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டியபோது அவளும் கணவரும் மகளும் மாவு மில்லில் வேலை பார்த்தவர்கள் போல வெளியே வந்தார்கள். வெடிப்புகளுக்குப் பட்டி வைத்தாள். தரையில் ஈரம் இருக்கிறதா என்று பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து, மறுநாள் பிரித்தும் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அப்புறம் என்ன ஈரப்பதம்?

செருப்பைப் பிய்த்து எடுத்தாள். அடியில் ஒட்டியதைத் துடைக்கத் தின்னர் தேடி வீட்டு அலமாரியைத் திறந்தாள். பழைய டப்பாக்களின் வரிசைக்குப் பின்னால், வாயில் பிளாஸ்டிக் தாள் கட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு சின்ன டின் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஹார்டனர். எபாக்ஸியில் கலந்தால்தான் அது இறுகும். கலந்திருக்க வேண்டியதில் கால்வாசி அங்கேயே இருந்தது.

டின்னை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன?"

"அது... பின்னாடி எங்கயாவது பேர்ந்தா, டச்சப்புக்கு ஆகும்னு கொஞ்சம் எடுத்து வச்சேன்."

"டின்னு மேல என்ன எழுதியிருக்கு?"

"முழுசையும் ஊத்தணும்னுதான் போட்டிருக்கு. கம்பெனிக்காரன் அப்படித்தாம்மா எழுதுவான். அப்பதானே இன்னொரு டின் விக்கும்."

வீட்டுக்குள்ளேயிருந்து மகள் சிரித்தாள். "அப்பா, டீயிலயே ஒரு வாய் மிச்சம் வைக்கிற ஆளு நீங்க. உங்ககிட்ட போய் இதைக் கலக்கச் சொன்னாங்களே, அம்மாவைச் சொல்லணும்."

உண்மைதான். அந்த வீட்டில் எதுவும் தீர்ந்ததில்லை. தேய்ந்த சோப்புகள் ஒரு டப்பாவில், பிதுக்கிய பற்பசைகள் இன்னொன்றில். கூட்டமான வீட்டில் பிறந்தவர் அவர். பிந்தி வருகிற ஒருத்தருக்காக எல்லாப் பாத்திரத்திலும் கொஞ்சம் விட்டுவைத்துப் பழகிய கை. கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. இப்போது அந்தக் கையை ஷட்டரில் வைத்து நசுக்கலாம் போலிருந்தது.

"சுரண்டுங்க," என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"மூலையில கொஞ்சம் மிச்சம் வச்சுக்கோங்க, அழகா இருக்கும்!"

மூன்று பேரும் சுரண்டினார்கள். காய்ந்த பெயிண்ட் என்றால் பொடியாக உதிரும். இது பலாப்பால் மாதிரி தகட்டிலும் விரலிலும் சட்டையிலும் இழுத்துக்கொண்டு வந்தது. தின்னர் நெடியில் மகளுக்குத் தலை சுற்றியது. அவர் ஒருமுறை மனைவியிடம், "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாயேன்" என்றார். "முழு டம்ளரா, அரை டம்ளரா?" என்று கேட்டாள். அவர் தகட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்கு நகர்ந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் புது செட் வந்தது. இந்தத் தடவை ஹார்டனரை அவளே ஊற்றினாள். டின்னைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு நூலாக இறங்கி அறும்வரை பிடித்தாள். அவர் பக்கத்தில் நின்று, ஏதோ சொத்து கைவிட்டுப் போகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே ஒரு குச்சியை எடுத்து டின்னின் அடியை வழித்து விட்டார். உள்சுவரிலிருந்து ரோலரை உருட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து, சாயங்காலம் ஷட்டருக்கு வெளியே வந்து சேர்ந்தாள்.

ஞாயிறு காலை ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. ஆனால் பார்லருக்கு வாங்கிய இரும்பு நாற்காலியின் கனத்தைத் தாங்க இன்னும் சில நாள் வேண்டும். அது கூடத்தில் டீவியை மறைத்துக்கொண்டு நின்றது. வாசலில் டீச்சரின் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை முட்டியது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கம்தான்.

"டீச்சர், தரை காயல. உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா இங்கயே..."

சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்று ஷட்டருக்கு முன்னால் வெயிலில் கிடந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"பழைய இடத்துல பாத்ரூம் நாத்தம்தான் வந்துச்சு," என்றார். "இங்க காத்து வருது. வெட்டுங்க."

சுவரில் மாட்ட வாங்கிய கண்ணாடியைக் கணவர் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து டீச்சருக்கு எதிரே நின்றார். கத்தரிக்கோல் நகர்ந்தது. வெட்டிய முடியை ஷெட் பக்கம் போகவிடாமல் மகள் துடைப்பத்தோடு காவல் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கை வலித்துக் கண்ணாடி சரிந்தது. அதில் டீச்சரின் நெற்றியைக் காணவில்லை.

"தூக்கிப் பிடிங்க," என்றாள் சீப்பை வாயில் கடித்தபடி. "முழு முகமும் தெரியணும். இதுலயும் மிச்சம் வைக்காதீங்க."