கல்யாணமாகி எட்டாம் வருடம் நான் பேச்சிலரானேன்

பெண்டாட்டியும் ஏழு வயது மகளும் யாங்கோனில் எங்கள் பசுந்தாங் பேட்டை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருந்த நேரத்தில், அதே ஊரில் லத்தா பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ‘மணமாகாதவர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டவன் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பேனாகூட என்னுடையதுதான்.

கீழே கருவாட்டு மொத்த வியாபாரம். மேலே, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட். கத்தாரில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர் கிளார்க் வேண்டும், பேச்சிலர் என்றால் சீக்கிரம் எடுப்பார்கள் என்றார் அவர். காவியங்களில் மனைவியை மறக்கிற அரசர்களுக்கு முனிவர் சாபம் என்று ஒரு சாக்கு உண்டு. எனக்குக் கருவாட்டு வாசனைதான். சீக்கிரம் கீழே இறங்கினால் போதும் என்றிருந்தது. பிறகு மனைவியிடம், படிவத்தைப் படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதுவும் பொய். நான் எதையும் படிக்காமல் விடுகிறவன் இல்லை.

பதினோரு வருடம் அந்த டிக் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. போன வருடம் மகள் மாந்தலேக்குப் படிக்கப் போனாள். நான் வருடாவருடம் கத்தாருக்குக் கூப்பிட்டு, வருடாவருடம் “பார்க்கலாம்” என்று சொல்லிவந்த மனைவி, திடீரென்று ஒரு நாள், “சரி, நானும் வரேன்” என்றாள். நான் கம்பெனி விடுதியை விட்டுவிட்டு இரண்டு அறை வீடு பார்த்தேன். ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வாங்கியாயிற்று. குடும்ப விசாவுக்கு முக்கியமாக வேண்டியது ஒன்றுதான்: கோர்ட்டில் வாங்கி, வெளியுறவு இலாகா, தூதரகம் என்று மற்ற முத்திரைகளும் குத்திய திருமணச் சான்றிதழ்.

மூன்று வார விடுமுறையில் யாங்கோன் வந்தேன். அதற்குள் காகிதம் கிடைக்காவிட்டால் அடுத்த விடுமுறைதான். இன்னும் ஒரு வருடம். அவளுடைய ‘சரி’ அதுவரை கெடாமல் இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

எங்கள் கல்யாணம் கோவிலில் நடந்தது. இங்கே எங்கள் ஆட்களில் அநேகம் பேருக்கு அப்படித்தான்: மாலை, தாலி, சாப்பாடு. காகிதத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அழைப்பிதழ் ஒன்று பெட்டிக்கடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதில் எங்கள் தமிழ்ப் பெயர்கள். அடையாள அட்டையில் இருப்பவை பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயர்கள். அழைப்பிதழின்படி அன்றைக்குக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் யாரோ இரண்டு பேர். நாங்கள் சாப்பிடப் போயிருக்கலாம்.

எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி, லேத் பட்டறைக்கு மேலே ஒரு வக்கீலம்மாவின் ஆபீஸ். தமிழ்க் கிறிஸ்தவர். நாங்கள் இருவரும் போய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அண்ணே, கத்தார் பேப்பர்ல நீங்க பேச்சிலர். கோர்ட்டுக்குப் போயி, ரெண்டு பேரும் கல்யாணம் ஆகாதவங்க, இன்னைக்குக் கட்டிக்கிறோம்னு கையெழுத்துப் போட்டுருங்க. ஒரு நாள் வேலை. எல்லாம் நேராயிரும்.” பிறகு மனைவியின் கழுத்தைப் பார்த்தார். “அக்கா, அன்னைக்கு மட்டும் தாலிய உள்ள விட்டுக்கங்க.”

எனக்கு யோசனை பிடித்துப்போனது. வெளியே மழை. லேத்தின் முனகல் தரை வழியாகப் பாதங்களுக்குள் ஏறி, ஒரு மயக்கமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் மாப்பிள்ளை! நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கூடப் பார்த்தேன்.

“அப்போ எம் மக?” என்றாள் மனைவி.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

“இன்னைக்குத்தான் கல்யாணம்னா பதினெட்டு வயசு மக எப்புடி வந்தா? பேச்சிலர்னு ஏறுனது இவரு. இவரே எறங்கட்டும். நான் எதையும் உள்ள விட்டுக்கறதா இல்ல.”

வயிறு தன் இடத்துக்குத் திரும்பியது.

இன்னொரு வழியும் இருந்தது. பத்தொன்பது வருடம் முன்பே கோவிலில் கல்யாணம் நடந்தது என்று நீதிபதி முன்னால் சத்தியம் செய்யவேண்டும். அன்று வந்திருந்த இருவர் சாட்சி சொல்லவேண்டும். அது சுலபம். ஆனால் பழைய தேதியோடு சான்றிதழ் போனால் என் டிக் அம்பலமாகும். அதற்கு முன்பு நானே கம்பெனிக்கு எழுதிவிடுவது நல்லது என்றார் வக்கீலம்மா. பொய்த் தகவல் தந்தவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்று அந்தப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்துத்தான் இருந்தேன்.

அன்று மாலையே கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எழுதிய ஆங்கிலத்தை மனைவிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். சூழ்நிலை, இளமை, விதி எல்லாம் வந்தன. பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. இதுல ‘பொய் சொன்னேன்’னு எங்க இருக்கு?”

மூன்று வரியில் வேறொன்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம், போன் அடித்தால் இன்னொருவருடைய போன் என்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் எங்கள் முறை வர மத்தியானமாகியது. தாழ்வாரத்து நீள பெஞ்சில் சாட்சிகளோடு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மனைவியின் அண்ணன். மற்றவர் எங்கள் கல்யாணத்துக்குச் சமைத்தவர்.

“மாப்ளே, அன்னைக்குப் பந்தில பாயசம் பத்தலே. அதையும் சத்தியத்துல சேக்கணுமா?” என்றார் மச்சான்.

“பத்தலேயா? நாலு வாட்டி வாங்குனது யாரு? கோர்ட்ல வச்சே சொல்லட்டுமா?” என்றார் சமையல்காரர்.

மழை கூரையில் பெய்து, குழாயில் இறங்கி, முற்றத்தில் நடந்துபோய்க்கொண்டிருந்தது. ஈரச் சுவரில் பாசி. சிவப்பு நாடாவில் கட்டிய கோப்புகளை யாரோ குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக் கொண்டுபோனார்கள். எங்கோ ஆற்றில் ஒரு கப்பல் ஊதியது. தூங்கினேனா என்று தெரியவில்லை. கல்யாண மணையில் உட்கார்ந்திருப்பதாகவே இருந்தது. அன்றைக்கு ஹோமப் புகையில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இன்று புகை இல்லை. கன்னத்தில் அரைத்துப் பூசிய தனக்கா மரப்பட்டை விழுது காய்ந்து மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தது. காதோரம் நரைத்திருந்தது. பதினோரு வருடத்தில் எந்த வருடம் அது நரைத்தது, எனக்குத் தெரியாது.

நீதிபதி ஒரு பெண்மணி, எங்களைவிட இளையவர். எங்கள் வாக்குமூலத்தைப் பர்மியில் வாசித்தார். என்னிடம் ஒன்றிரண்டு கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல், உங்கள் சொந்த விருப்பத்தில்தான் இவரைக் கட்டினீர்களா?”

கோவிலில் இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவள் தலை குனிந்திருந்தாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். நானும் கேட்டதில்லை. இப்போது சர்க்காரே கேட்கிறது, எழுதிக்கொள்ளப் பேனாவோடு. சான்றிதழ், விசா, இரண்டு அறை வீடு எல்லாம் அவள் நாக்கு நுனியில் நின்றன.

மின்விசிறி ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நின்று யோசிப்பதுபோலிருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். பழைய புடவையை எடுத்து விரித்து, இன்னும் கட்டலாமா, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“ஹொக்கெபா ஷின்” என்றாள். பர்மியில் அவ்வளவு மரியாதையாக ஒரு ‘ஆமாம்’ அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் என்னை முன்னிட்டு.

முத்திரை விழுந்தது. மற்ற முத்திரைகள் விழ மீதி விடுமுறை சரியாக இருந்தது. புறப்படுகிற அன்று, “திரைச்சீலை என்ன கலரு?” என்று கேட்டாள். சொன்னேன். “மாத்திக்கலாம்” என்றாள்.

கத்தாரில் இறங்கியதும் நேரே ஆபீஸுக்குப் போனேன். ஊழியர் விவகாரம் பார்க்கிறவர் நாகர்கோவில்காரர். சான்றிதழை மேஜைமேல் வைத்துவிட்டு, தீர்ப்புக் கேட்க நிற்பவனாக நின்றேன். என் கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். அது இவ்வளவு நாள் என்னை அரித்த விஷயம், என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது; அதை நான் தடுக்கவில்லை.

அவர் சான்றிதழை நகல் எடுக்க மெஷினுக்குள் வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

“அது நீங்க வந்த முத மாசமே எல்லாருக்கும் தெரியும்லா அண்ணே. போன்ல அரைமணி நேரமா ‘சரி, சரி’ன்னு மட்டும் பேசுத ஆளு பேச்சிலரா இருக்க முடியுமா?”