நான் பார்க்காத முகம்

போன வாரம் திண்டிவனம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டு ஏறினேன். நானா! ரேஷன் கடை வரிசையில் நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு…

விஷயம் இதுதான். போன கார்த்திகையில் ஒரு விடியற்காலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கறுப்பு வேட்டி, மாலை, தாடியோடு ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சாமி சரணம்" என்றேன். அவரும் "சாமி சரணம்" என்றார். போய்விட்டார் — பக்கத்து வீட்டு மல்லிகாவின் பைக்கோடு!

மறுநாள் பார்த்ததைச் சொல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பக்கத்து ஊர் குமாரை நிற்க வைத்திருந்தார்கள். எங்கள் கோயிலுக்கு பஜனை பாட வருகிறவராம். அதே கறுப்பு வேட்டி, மாலை, தாடி.

"இவர்தானேம்மா?" என்றார் ஏட்டு.

"ஆமாங்க" என்றேன். பாவி, ஒரு நொடி யோசிக்கவில்லை. அந்த வருஷம் குமார் மலைக்குப் போகவில்லை. ஜெயிலுக்குப் போனார்.

கோர்ட் வாசலில் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பயந்துக்கினு எதையாவது உளறிடாத. பைக்குதான் கிடைக்கல, அவனாவது மாட்டட்டும். அவன்தான்னு அடிச்சி சொல்லு."

கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே குமார். தாடி இல்லை, மாலை இல்லை. மழுங்க வழித்த முகம். யார் இவர்?

குமாரின் வக்கீல் எழுந்தார். "அன்னைக்கு முகத்தைப் பார்த்தீங்களாம்மா?"

மாலை போட்டவரை நிமிர்ந்தா பார்ப்போம்? கை கூப்பி, தலை குனிந்து, பாதத்தைத்தானே பார்ப்போம்! தூரத்தில் வரும்போது பார்த்தது தாடியும் மாலையும். கிட்டே வந்ததும் செருப்பில்லாத இரண்டு பாதம். முகம்?

"பாக்கலீங்கய்யா."

"அப்போ இவர்தான்னு எப்படிச் சொன்னீங்க?"

"அவரும் மால போட்டுக்கினு நின்னாருங்க…"

யாரோ சிரித்தார்கள். குமார் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே மல்லிகா வெடித்தாள். "ஏட்டுகிட்ட ஒண்ணு, ஜட்ஜுகிட்ட ஒண்ணா? நீயெல்லாம் சாமி கும்பிடறவளா?" பஸ்ஸிலும் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். பைக்கைப் பறிகொடுத்தவள்… திட்டாமல் என்ன செய்வாள்?

தீர்ப்பு இன்னும் வரவில்லை. திருடன் யாரென்று எனக்கு இன்றும் தெரியாது. உண்மையைக் கண்டுபிடிப்பது போலீஸ், வக்கீல், ஜட்ஜ் பாடு என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். அவர்கள் தேடும் உண்மை என்னைப் போன்றவர்களின் வாயிலிருந்துதானே வரவேண்டும்? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இவ்வளவு தைரியம் வேண்டுமா! எனக்கு அது வருவதற்குள் ஒரு மனிதர் கழுத்து மாலையை ஜெயிலில் கழற்றிவிட்டார். ஐயப்பா, அந்தப் பாவத்தை எங்கே இறக்கி வைப்பேன்?

வரும் கார்த்திகையிலும் சாமிமார்களைக் கும்பிடுவேன்… முகத்தைப் பார்த்துவிட்டு!