மகளின் கல்யாணமும் எட்டாம் இடமும்

எதிரணி தோற்ற செய்தி கேட்டு ஒருவர் துள்ளவும் வேண்டும், தலையில் கைவைக்கவும் வேண்டும் என்றால், எதை முதலில் செய்வார்? அன்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் விழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். யோகா அன்ரிக்கு நடந்ததைக் கேட்ட பிறகுதான் பதில் தெரிந்தது.

ஸ்பிரிங்வேலில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அன்ரி வேலை செய்கிறார். பயந்துபோய்க் கையை நீட்டிக்கொண்டிருப்பவரிடம் முதலில் பெயரைக் கேட்பார். அடுத்ததாக, ஃபுட்டியில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தில், எந்த அணி என்று கேட்பார். மெல்பர்னில் இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிறவர்கள் இல்லை. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறி, குழாய் நிறைந்து, பஞ்சும் ஒட்டியாகிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், ஆங்கிலம் தட்டுத்தடுமாறிய காலத்தில், அன்ரி கண்டுபிடித்த வழி அது.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எல்லோரும் அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்டார்கள். ஒருநாள் அவருடைய பழுப்பு ஸ்வெட்டரையும் அதன் மஞ்சள் கழுத்தையும் பார்த்த ஒரு நோயாளி, நீங்களும் நம்ம ஆள்தானா என்று பூரித்துப்போனார். மறுக்க மனம் வராமல் அன்ரி தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான். அதன்பிறகு பழுப்பு மஞ்சள் அணி தோற்ற நாளில் அவருக்குச் சோறு இறங்காது. கணவர் வரதராஜாவுக்கோ அந்தப் பந்து உருண்டையா நீளமா என்பதே இன்றுவரை நிச்சயமில்லை.

மகள் நிரூபா தன்னுடன் படித்த சுதர்சனைக் கட்டப்போவதாகச் சொன்னபோது அன்ரி மறுப்பே சொல்லவில்லை. சுதர்சனின் குடும்பம் ரோவிலில் இருக்கிற கோயம்புத்தூர்க் குடும்பம். ஒரே ஒரு குறை: அவன் அப்பா வெங்கட்ராமன் கறுப்பு வெள்ளை அணியின் தீவிர ரசிகர்.

மே மாதத்தில் நாள் குறித்தார்கள். வெங்கட்ராமன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆவணி முகூர்த்தம், செப்டம்பரின் முதல் சனிக்கிழமை என்றார். காலையில் தாலி, மாலையில் வரவேற்பு. செப்டம்பர் என்றதும் அன்ரி தன் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அது புள்ளிப்பட்டியல். முதல் எட்டு இடம் பிடிக்கும் அணிகள்தான் செப்டம்பரில் ஃபைனல்ஸ் ஆடும். பழுப்பு மஞ்சள் பதினைந்தாம் இடத்தில் கிடந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

"தாராளமா வையுங்கோ" என்றார் அன்ரி.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அந்த அணி வெல்லத் தொடங்கியது. மழையில் வென்றது, வெளியூரில் வென்றது, தோற்கவேண்டிய ஆட்டங்களிலும் வென்றது. கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஒன்பதாம் இடம். எட்டில் கறுப்பு வெள்ளை. கடைசி ஆட்டம் அவர்களுடையது: வென்றால் அவர்கள் உள்ளே, தோற்றால் அன்ரியின் அணி உள்ளே.

அன்றைக்குத்தான் கூறைச்சேலையைக் காட்ட அன்ரி ரோவிலுக்குப் போகவேண்டியிருந்தது. சேலையை விரித்து வைத்தார்களே தவிர, சம்பந்திகள் இருவருடைய கண்ணும் டிவியில்தான் இருந்தது. பூமாலை எத்தனை என்று வெங்கட்ராமனின் மனைவி நாகலட்சுமி மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை. கடைசி நிமிடத்தில் கறுப்பு வெள்ளை நான்கு புள்ளி பின்னால். அவர்களுடைய ஆள் நேர் எதிரே நின்று உதைத்தான். கோல் என்றால் ஆறு புள்ளி, வெற்றி. பந்து கம்பத்தில் பட்டது. கம்பத்தில் பட்டால் ஒரே ஒரு புள்ளிதான்.

மாப்பிள்ளை வீடு. சம்பந்தி எதிரே முகம் கறுத்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அன்ரி குசினிக்குப் போனார். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல், இரண்டு கையையும் தூக்கித் துள்ளினார். திரும்பினால் நாகலட்சுமி நிற்கிறார்.

"நல்லா ஆடுங்க. நம்ம டீம் ஜெயிச்சிருந்தா இவர் கறுப்பு வேட்டி கட்டிக்கிட்டு முகூர்த்தத்துக்கு வந்திருப்பார்" என்றார் அவர்.

வெளியே வந்தபோது வெங்கட்ராமன் கொஞ்சம் தேறியிருந்தார். "சிரிங்க சம்பந்தி, அடக்காதீங்க. ஆனா உங்க டீம்ல அந்த உயரமான பையனுக்கு முழங்கால் போச்சு. ஒரே மேட்ச், வந்த வழியே வீட்டுக்கு."

"முழங்கால் இல்லாமலே எட்டாம் இடம் வந்தனாங்கள். உங்கட ஆக்கள் ரெண்டு முழங்காலும் இருந்தும் கம்பத்துக்குத்தானே அடிச்சவை?"

அவரும் சிரித்துவிட்டார். அரைமணி நேரத்தில் ஃபைனல்ஸ் அட்டவணை வந்தது. பழுப்பு மஞ்சளின் ஆட்டம் சனிக்கிழமை மாலை. சரியாக வரவேற்பு நேரம். அப்போதுதான் அன்ரி தலையில் கைவைத்தார்.

நிரூபாவுக்குத் தன் தாயைத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவள் கையை நீட்டினாள். "அம்மா, மேடையில ஃபோன் வேண்டாம். ஒரு படத்தில நீங்க குனிஞ்சு பார்த்துக்கொண்டு நின்றாலும் நான் கதைக்கமாட்டன்." அன்ரி கையடித்துச் சத்தியம் செய்தார். எத்தனையோ வருடம் காத்திருந்து வந்த ஃபைனல்ஸ். ஆனால் மகள் ஒருத்திதான்.

சனிக்கிழமை தாலி நல்லபடியாக ஏறியது. மாலையில் மேடைக்கு ஏறுமுன் அன்ரி ஃபோனைத் தானாகவே நாகலட்சுமியின் கைப்பையில் போட்டார். வரிசையாக வந்த விருந்தினர்களுக்குக் கைகூப்பினார், சிரித்தார். மனம் மட்டும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் வெங்கட்ராமன் முழங்கால் வலிக்கிறது என்று மேடையிலிருந்து இறங்கினார். போய் முன்வரிசையில், மேடைக்கு நேரே உட்கார்ந்தார். மடியில் ஃபோன். பிறகு யாரும் கவனிக்காதபடி, நெஞ்சுக்கு நேரே இரண்டு சுட்டுவிரல்களையும் நீட்டினார். மைதானத்தில் கோல் நடுவர் காட்டுவது அப்படித்தான். சற்று நேரத்தில் அன்ரிக்கு அந்தச் சைகை மொழி முழுதும் பிடிபட்டது. சம்பந்தி ஒரு விரல் காட்டினால் ஒரு புள்ளி. இரண்டு விரல் காட்டினால் கோல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் எதிரணிக்குக் கோல், சும்மா தொட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி.

அன்று அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்திருப்பார். ஆனால் விரல்களும் விடாமல் நீண்டன. அன்ரி ஒவ்வொரு விரலையும் மனதில் கூட்டிக்கொண்டார். கடைசிக் கால்பகுதி முடியும் நேரம், அவருடைய கணக்கில் தன் அணிக்கு ஐந்து புள்ளி குறைவு. யாரோ ஒரு மாமி அன்ரியின் கையைப் பிடித்து, பொருத்தமான சோடி என்றார். அன்ரி ஓம் ஓம் என்றார். வெங்கட்ராமன் அசையவில்லை. விரலும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

திடீரென்று அவர் எழுந்தார். முழங்கால் வலியை மறந்து, கதிரை பின்னால் சரிய, மெல்பர்னுக்கு வந்த நாள் தொட்டு வெறுத்த அணிக்காக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். பிறகுதான் சுற்றிலும் ஆட்கள் இருப்பது நினைவு வந்து, மணமக்களை வாழ்த்துவதுபோல அப்படியே கைதட்டத் தொடங்கினார். மண்டபம் முழுக்கச் சேர்ந்து தட்டியது.

அன்ரி பக்கத்தில் நின்ற வரதராஜாவை இறுகக் கட்டிப்பிடித்தார். கல்யாணத்தை நினைத்துத்தான் இவ்வளவு சந்தோஷம் என்று நம்பி அவர் கண்கலங்கினார். அந்தப் படம்தான் இப்போது நிரூபாவின் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஒரு படத்திலும் அம்மா குனியவில்லை என்று அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள்.

தங்கள் அணி கீழே கிடக்கிறது என்று நம்பி, செப்டம்பரில் மண்டபம் பதிகிற யாரையாவது உங்களுக்குத் தெரியும்தானே? தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். முன்வரிசையில் யாரை உட்கார வைப்பது என்று அவர்கள் இப்போதே யோசிக்கட்டும்.