‘நிறைவு’ என்று போட்டேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. மதுரை விளாங்குடியில், நான் ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டில், காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. ஒரு படம் செய்து அனுப்பினேன். அதனால் உயிரோடு இருந்த ஒருவரை மதியத்துக்குள் ஊரெல்லாம் சாகடித்துவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இப்போது விருப்பமில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தம்பி திருப்பூரில் இருக்கிறான். எனக்குக் கப்பலூரில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிச் சரிபார்த்து அனுப்பும் வேலை. வாரத்தில் ஆறு நாள் பேச ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதான் பாடு. அன்றைக்குக் காலையில் பால்காரரிடம் பேசினால், மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்வரை வாயைத் திறக்கத் தேவையே இருக்காது. சில ஞாயிறுகளில் என் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவே கொஞ்சம் சத்தமாக இருமியிருக்கிறேன்.

அந்த ஞாயிறுகளுக்காகத்தான் கம்ப்யூட்டர். கம்பெனியில் லேபிள் டிசைன் செய்ய வைத்திருந்த பழைய பெட்டி ஒன்றைக் கழித்துக் கட்டினார்கள். கேட்டு வாங்கி, ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் இருந்த படம் செய்யும் சாஃப்ட்வேருக்கு இருபது வயசாவது இருக்கும். கடைசியாகச் செய்த ஒரு தப்பை மட்டும்தான் அழிக்கவிடும். அதற்கு முந்தின தப்பு செய்தது செய்ததுதான். செல்போனில் நாம் அடிக்கிற தமிழ் அதற்குப் புரியாது, கட்டம் கட்டமாகக் காட்டும். பழைய தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தது. எந்த எழுத்துக்கு எந்த பட்டன் என்று காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்து, கொம்பைத் தனியாக, காலைத் தனியாகப் பொறுக்கிப் போடுவேன். ‘கொ’ என்று ஒரு எழுத்து வர மூன்று பட்டன். லேபிளுக்காகச் சேர்த்துவைத்திருந்த பூ, கொடி, பார்டர் படங்களும் அதிலேயே கிடந்தன.

பதினோரு வருஷமாக நான் செய்ததெல்லாம் ஒரே நடிகையின் படம். பெயர் வேண்டாம். கதாநாயகி இல்லை. கதாநாயகனுக்கு அக்காவாக, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியாக வந்து, நாலு வார்த்தை வெடுக்கென்று பேசிவிட்டுப் போவார். பேசுவது அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. நக்கலுக்காக இல்லாமல் அந்தப் பேச்சைப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. யார் இல்லையென்றாலும் சண்டைக்கு வருவேன்.

அவருக்கும் செல்போனில் ஒரு ரசிகர் குழு இருந்தது. நூறு பேர்கூடக் கிடையாது. அதில் என் பெயர் ‘விளாங்குடி ரசிகர்’. முகப்பில் அந்த நடிகையின் படம். அதனால் எல்லாரும் என்னை ஆம்பளை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். “அண்ணே, சும்மா அள்ளுது”, “அண்ணே, அடுத்த படம் எப்ப?” என்று எழுதுவார்கள். “மாப்ள, அண்ணன் கையில வித்தை இருக்குடா” என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். நான் திருத்தவில்லை. பொய்யும் சொல்லவில்லை, சும்மா இருந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமையில் என்னை யாராவது கூப்பிட்டார்கள் என்றால் அந்த ‘அண்ணே’ ஒன்றுதான். அதை விட மனசு வரவில்லை.

அந்த ஆடியில் அவருடைய முதல் படம் வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் நடிப்பதை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வந்துவிட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஒரு படம் செய்தேன். பழைய படத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளை முகம். நெற்றியில் விழுந்த முடியை ஒவ்வோர் இழையாக வெட்டி எடுத்தேன். இரண்டு மூலையிலும் ரோஜாப்பூ வைத்தேன். கீழே இடது பக்கம் ‘முதல் தோற்றம்’ என்று முதல் படம் வந்த வருஷம். வலது பக்கம் ‘நிறைவு’ என்று கடைசிப் படம் வந்த வருஷம். பார்த்தால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. லேபிள் ஒட்டிப் பழகிய கைக்கு அது பொறுக்குமா? ‘முதல்’ என்ற வார்த்தையைத் தூக்கிவிட்டேன். தோற்றம், நிறைவு. இப்போது இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது. ‘எம்புட்டு எடுப்பா இருக்கு!’ என்று நானே மெச்சிக்கொண்டேன்.

வழக்கமாகப் படத்தை மெமரி கார்டில் ஏற்றி, அதைச் செல்போனில் போட்டு அனுப்புவேன். அன்றைக்குப் பார்த்துக் கார்டு வேலை செய்யவில்லை. பொறுமை இல்லை எனக்கு. மானிட்டரையே செல்போனால் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டேன். எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்தன. அதனால் என்ன என்று துணி துவைக்கப் போய்விட்டேன்.

காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் குழுவில் எண்பது செய்தி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திறந்தேன். “அய்யோ, எப்பண்ணே?” “நம்பவே முடியல.” “ஆழ்ந்த இரங்கல்.” கைகூப்பும் படம், அழுகிற படம். வரிசையாக.

அப்போதுதான் நான் அனுப்பியதைச் சின்னதாகச் செல்போன் திரையில் பார்த்தேன். கறுப்பு வெள்ளை முகம். ரோஜாப்பூ. தோற்றம் என்று ஒரு வருஷம், எதிரே இன்னொரு வருஷம், எண்கள் மங்கி எந்த வருஷம் என்றே படிக்க முடியவில்லை. மங்கலில் ‘நிறைவு’ என்பது ‘மறைவு’ என்றே தெரிந்தது. தெரியாவிட்டாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான் படிப்பார்கள். கப்பலூர் பஸ்ஸில் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவள் நான். சுவர் சுவராகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். ‘தோற்றம்’ என்ற வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஜோடி ஒன்றே ஒன்றுதான். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. மூன்று ஞாயிறு பக்கத்திலேயே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் கண் அவிந்துபோய்விட்டது.

‘ஐயையோ, அவர் நல்லாத்தான் இருக்கிறார், இது வாழ்த்துப் படம்’ என்று அடித்து அனுப்பினேன். யாரும் நம்பவில்லை. “அண்ணே துக்கத்துல ஏதேதோ போடுறாரு, விடுங்க மாப்ள” என்று ஒருவர் எழுதினார். அதற்குள் படம் பத்து இருபது குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது. நான் அடித்ததையெல்லாம் இரங்கல்கள் மேலே தள்ளிக்கொண்டே போயின.

அரை மணி கழித்து, குழுவில் யாரிடமோ என் எண்ணை வாங்கி, வெளிநாட்டு எண்ணிலிருந்து போன். ஒரு பெண். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“நீங்கதான் அந்தப் படத்தப் போட்டதா? அவங்க மகள் பேசுறேன். உங்களுக்கு யாரு சொன்னா?”

தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னேன். வார்த்தையை எடுத்தது, போட்டோ பிடித்தது எல்லாம். அவர் கேட்டுவிட்டு, “அப்ப எங்க அம்மா போன் ஏன் ஆஃப்ல இருக்கு?” என்றார். “தனியா இருக்காங்க. பக்கத்து வீட்டுல எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

“விளாங்குடி.”

“அம்மா வாடிப்பட்டிக்குப் பக்கத்துலதான். போங்க. போய் உங்க கண்ணால பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. நீங்க போட்டதுதானே, நீங்களே போங்க.”

கையில் கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் போய் நின்றேன். பஸ் கிடைத்தது, இடமும் கிடைத்தது. உட்காரத்தான் முடியவில்லை. நான் ஒரு படம் போட்டதால் ஒருவர் செத்துவிட மாட்டார் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனால் போன் ஏன் ஆஃப்? பாத்ரூமில் வழுக்கி விழுந்திருந்தால்? தனியாக இருக்கிறவர்களுக்கு இது புரியும். ஞாயிற்றுக்கிழமை பால்காரர் போன பிறகு நான் என் வீட்டில் விழுந்து கிடந்தால், திங்கட்கிழமை லேபிள் ஒட்ட ஆள் வரவில்லை என்றுதான் முதலில் யாருக்காவது தெரியும். அவ்வளவு நாள் எனக்காகப் பயந்த பயத்தையெல்லாம் அந்த பஸ்ஸில் அவருக்காகப் பயந்தேன்.

மகள் சொன்ன அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கேட்டைத் தட்டினேன். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி போட்ட, தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா கையைத் துடைத்தபடி வந்தார். வேலை செய்கிறவர் போல என்று நினைத்து, மூச்சு வாங்க, “நடிகை அக்கா இருக்காங்களா? நல்லாருக்காங்களா?” என்று அவரிடமே கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பொணத்தப் பாக்கவா வந்தீக? அது இப்பத்தான் ரசம் தாளிச்சுக்கிட்டு இருக்கு.”

அந்தக் குரல்! குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பதினோரு வருஷமாக அந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் படமாகச் செய்தவள், நெற்றி முடியை இழை இழையாக வெட்டியவள், எதிரே நின்ற முகத்தை எனக்குத் தெரியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நடுத்தெருவில், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

முதலில் மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். “அடியே, இருக்கேன்டி. எனக்கு ஒண்ணுமில்ல. அழுகாத, இம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு அழுதா நான் எப்படிடி கண்ணத் தொடைக்கிறது?” என்றார். அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான் கேட்டது. பிறகு போன் என் கைக்கு வந்தது. மகள் திட்டவில்லை. “ரெண்டு மணி நேரம் எனக்கு அம்மா இல்ல. அது உங்களுக்குப் புரியுதா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நடிகை என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான்தான் படம் செய்தவள் என்றேன். போன் ஏன் ஆஃப் என்று கேட்டேன். “பின்ன? பதினோரு மணியில இருந்து அடிக்குது. வருஷக்கணக்கா ஒரு வார்த்தை பேசாதவக எல்லாம் கூப்புடுறாக. இருக்கீங்களான்னு கேக்குறாக. இருக்கேன்னு சொன்னதும் அப்பாடான்னு வச்சுடுறாக. ஒருத்தராச்சும் எப்படி இருக்கன்னு கேக்கணுமே! ஆத்திரம் வந்து அமத்திப் போட்டுட்டேன்.”

படத்தைக் காட்டச் சொன்னார். பயந்துகொண்டே காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் செஞ்சிருக்க” என்றார். பிறகு அந்த வலது பக்கத்து வார்த்தையில் விரலை வைத்தார். “மறைவுன்னு படிச்சவகளச் சொல்லி என்ன? நீ போட்ட நிறைவு மட்டும் சரியா? நான் எங்க ஆத்தா நிறுத்துனேன்? அவக கூப்புடுறத நிறுத்திட்டாக. ரெண்டும் ஒண்ணா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நடிப்பை விட்டுவிட்டார் என்று எங்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.

“எழுதிப் போட்டா எவனும் நம்ப மாட்டான். வாயத் தொறந்து சொல்லு” என்றார். அவர் முன்னாலேயே குழுவுக்குக் குரல் பதிவு ஒன்று போட்டேன். நான் அவர் வீட்டில் இருக்கிறேன், அவர் நன்றாக இருக்கிறார், தப்பு என்னுடையது என்று. பக்கத்திலிருந்து அவரும், “உசுரோடதான்யா இருக்கேன், போய்ச் சோலியப் பாருங்க” என்று ஒரு அதட்டுப் போட்டார். பிறகு ஒருவர் எழுதினார்: “அண்ணே, நீங்க அக்காவா?” அடுத்து இன்னொருவர், “சாரி மேடம்.” அன்றிலிருந்து நான் மேடம்தான். இப்போதும் படம் போட்டால் ஒரு கைகூப்பு வரும். மாப்ள, அண்ணே என்ற கலகலப்பு போனது போனதுதான். அதற்காக வருத்தப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வருத்தப்பட்டேன்.

கிளம்பும்போது வழக்கம்போல, “வாரேங்க்கா” என்றேன். எங்கள் பக்கம் போகிறேன் என்று சொல்லமாட்டோம். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டே, “வாரேன்னுதான் எல்லாரும் சொல்லிட்டுப் போறாக” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் குத்தியது.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. வெட்கம். மூன்றாவது ஞாயிறு போன் போட்டேன். எடுத்ததும், “எப்படி இருக்கீங்கக்கா?” என்று கேட்டேன். அவர் முழங்கால் வலியில் ஆரம்பித்து, தண்ணி வராதது, மகள் வீட்டுக்குப் போக வேண்டிய விசா, மாத்திரை என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் அதுவரை யாரிடமும் அவ்வளவு நேரம் போன் பேசியதில்லை. சினிமாவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெண் ஒற்றை ஆளுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அதே ஞாயிறுகளில் நானும் ஒற்றை ஆளுக்குச் சோறு பொங்கிவிட்டு, அவளுடைய இளவயசு முகத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம் ஒருவரை ரசித்த எனக்கு, அவர் உயிரோடு இருக்கிறார் என்பது உறைக்க, என் கையாலேயே ஒரு தடவை அவரைச் சாகடிக்க வேண்டியிருந்தது.