எல்லாத் திரைகளுக்கும் புது எண்

என் நாத்தனாரைப் பற்றி எழுதச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் எழுதுவேன். அவள் எப்படிப்பட்டவள் என்பது அன்று ஒரு நாளிலேயே தெரிந்துவிட்டது.

அவளுக்குச் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை. செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டும் அறையின் கம்ப்யூட்டர்களெல்லாம் அவள் பொறுப்பு. அதே அறையைப் பெருக்கித் துடைப்பது நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவள் சொல்லி எனக்குப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர்களுக்குள் டிஸ்க் கிடையாது. சொந்தமாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அவற்றை ஓட வைக்கும் யூனிக்ஸ் என்ற நிரல் முழுவதும் மூலையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைப் ‘பெரியவர்’ என்போம். பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொன்றும் கம்பி வழியாக ‘நான் யார்?’ என்று கேட்கும். பெரியவர், ‘உன் எண் இது’ என்பார். அந்த எண் எழுதிய கதவைப் பெரியவரிடமே தேடிப் போய், எழுந்திருக்கத் தேவையானதை வாங்கிக்கொள்ளும். முதல்முறை கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

“நானும் விடிஞ்சதும் கடவுள்கிட்ட அதைத்தானே கேக்கறேன்!” என்றேன்.

“உங்களுக்கு லேட்டா பதில் வந்தாலும் பொறுத்துக்குவீங்க அண்ணி. இதுங்க விடாம கத்தும்” என்றாள்.

நிர்வாகம் பக்கத்துக் கட்டடத்தையும் வாங்கி, இரண்டையும் ஒரே கம்பியில் இணைத்தது. அங்கே இருந்த கம்ப்யூட்டர்களுக்கும் எங்களுடைய அதே எண்கள். ஒரே விலாசத்தில் இரண்டு பேர் இருந்தால் தபால் யாருக்குப் போகும்? எனவே எங்கள் அறைக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புது எண். மேலாளர் வெளிக் கம்பெனியைக் கூப்பிடப் போனார். இவள் குறுக்கே விழுந்து, “நானே மாத்திடறேன் சார்” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆளுங்க வந்து உக்காரும்போது ஒரு திரை எழுந்திரிக்கலேன்னாலும், இந்த ரூம் சாவியைக் கம்பெனிக்காரங்ககிட்ட கொடுத்துடுவேன். சரியாம்மா?”

“சரி சார்.”

சாவி போனால் அவள் வேலையும் போகும். அவளோ கண்ணெல்லாம் மின்ன நின்றாள்.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் முறைப்படி அணைத்துவிட்டுப் பெரியவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“பழைய எண் எங்கெல்லாம் இருக்கோ, தேடிப் பிடிச்சுப் புதுசைப் போடுங்கன்னு பெரியவருக்கே உத்தரவு போட்டுட்டேன். எப்படி?”

“பெருமை அப்புறம். முதல்ல ஒண்ணை எழுப்பு.”

எழுப்பினாள். திரையில் புது எண் வந்தது. நான் கைதட்டியே விட்டேன். அப்புறம் ஒரு சின்னக் குச்சி மட்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. இன்னொன்றைப் போட்டாள், அதிலும் அதே குச்சி.

அந்த நேரம் பார்த்துப் பக்கம் கட்டுகிறவர்களின் தலைவர் வந்து சேர்ந்தார். ‘அவசரம்’ என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

“என்னம்மா, நாளைக்குப் பேப்பரைக் கையால எழுதி ஒட்டிடலாமா?”

“சும்மா இருங்கண்ணே.”

“பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டேன்.”

“இது என்ன, உங்க வீட்டு டிவியா?”

வாய் பேசினாலும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஈரத்துணியைப் பிடித்தபடி நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். அவள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

“எண் வந்துடுச்சு. அப்படின்னா கேள்விக்குப் பதில் கிடைச்சிருக்கு. அடுத்தது கதவு. கதவு…” சட்டென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, மடச்சி! கதவு பேரை மாத்தவே இல்லையே!”

கதவுகளில் இருப்பதும் அதே எண்தானாம். ஆனால் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. பதினாறு பதினாறாக எண்ணும் கணக்கில், நடுநடுவே எழுத்துகளோடு இருக்குமாம். பெரியவர் நம் கணக்கில் தேடியதால் அவை அவர் கண்ணிலேயே படவில்லை.

“ஊருக்கெல்லாம் புது விலாசத்தைக் கொடுத்துட்டு, நம்ம வாசல்ல பழைய பலகையையே விட்டுட்டேன் அண்ணி!”

வீணான அச்சுத்தாளில் கணக்குப் போட்டாள். அவசரம் ஒவ்வொன்றாக வாசிக்க, இவள் கதவுப் பெயர்களை மாற்றினாள்.

“மெதுவாண்ணே, ரயிலா புறப்படுது?”

முதல் கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினாள். குச்சி மறைந்தது. வரி வரியாக எழுத்து கொட்டியது. கடைசியில் அதன் பெயர் திரையில் வந்து நின்றது. மூன்று பேரும் கத்தினோம்!

அவசரம் எல்லாப் பொத்தான்களையும் அழுத்த ஓடினார். இவள் கையைப் பிடித்து இழுத்தாள். “ஒண்ணொண்ணா! எல்லாம் சேர்ந்து கேட்டா பெரியவருக்கு மூச்சு முட்டிடும்.”

ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாக ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர், இருப்பதிலேயே கிழம். படியில் ஆட்களின் பேச்சுக் குரல், வாசலில் மேலாளர். கிழம் கேட்டது, எண் வந்தது, குச்சி சுற்றியது. கடவுளே, இதுக்கும் கதவைத் திற என்றேன். குச்சி நின்றது. என் நெஞ்சும் நின்றது. பிறகு மெள்ள ஒரு வரி, இன்னொரு வரி, அதன் பெயர்!

மேலாளர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“சார், சாவி?” என்றாள் மெதுவாக.

“உங்ககிட்டதானேம்மா இருக்கு. என்கிட்ட ஏன் கேக்கறீங்க?”

வீடு வரும்வரை அந்தச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே வந்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.