பாதாம் நீங்கலாக

மேலே சாக்லேட், அதற்குள் கேரமல், அதற்கும் உள்ளே முழுசாக ஒரு பாதாம். அந்த மிட்டாயின் உறைக்குப் பின்புறம், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். கலோரி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு. யாரும் படிக்காத அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு மனிதர் இருபது வருடங்களுக்கு மேலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் முகத்துக்கு நேரே அவர் கலோரி சார். முதுகுக்குப் பின்னால் வெறும் கலோரி.

சொந்தக்காரர்கள் வீட்டில் அவர் தலை தெரிந்தாலே இனிப்புத் தட்டு உள்ளறைக்குப் போய்விடும். நூறு கிராமில் பாதிக்குப் பாதி சர்க்கரைதான், கொழுப்பு கால் பங்குக்கு மேல் என்று அவர் ஆரம்பித்தால், வாயில் போட்டவர்கள் மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழிப்பார்கள். மனைவி அவரை முழங்கையால் இடிப்பாள். அந்த இடியெல்லாம் அவருக்கு எட்டியதே இல்லை. தான் எண்ணத்தை அல்ல, எண்ணைத்தான் சொல்வதாகவும், எண்ணுக்குக் கோபம் கிடையாது என்றும் வாதாடுவார்.

அந்த மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. மருந்து முதல் சுற்று ஏறியதில் கட்டி கொஞ்சம் சுருங்கியது. அதைவிட அதிகமாக அவள் சுருங்கினாள். டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாதவர். அடுத்த சுற்று கொடுத்தால்தான் பிழைக்க வழி உண்டு, ஆனால் இந்த உடம்பில் கொடுத்தால் மருந்தே ஆளை முடித்துவிடும், ஒரு மாதத்தில் எடையை நாற்பது கிலோவுக்காவது ஏற்றிக் கூட்டிவாருங்கள் என்றார்.

சோறு வாசனைக்கே குமட்டியது. பால் தங்கவில்லை. பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். ஒரு நாள் அவளாகவே கேட்டது அந்த மிட்டாயைத்தான். வாழ்நாள் முழுக்கச் சர்க்கரைக்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதர் அன்று சாயங்காலமே கட்சி மாறினார். பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். “நல்லா சாப்பிடு, இதுல எவ்வளவு கலோரி இருக்கு தெரியுமா?” என்றார். ஊரையே பயமுறுத்திய அதே வாக்கியம். குரல்தான் வேறு.

பகலில் மனைவியின் தங்கை வந்து துணை இருப்பாள். சாயங்காலம் அவள் துணிக்கடை வேலைக்குக் கிளம்ப, இவர் வந்து கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உரித்த உறைகளை எண்ணிப் பெருக்கிச் சொல்வார். இன்றைக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம். பாதாமில் இருப்பது நல்ல கொழுப்பு, உடம்பில் ஒட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்தக் கணக்குப்படி அவள் தேறிக்கொண்டிருந்தாள்.

எடை மட்டும் ஒத்துழைக்கவில்லை. பாதி மாதத்தில் பார்த்தபோது இன்னும் குறைந்திருந்தது. கலோரி சாருக்கு மனைவி மேல் சந்தேகம் வரவில்லை, உறை மேலும் வரவில்லை. ஆஸ்பத்திரித் தராசு மேல் வந்தது. அடுத்த முறை போனபோது, தன் தொழிற்சாலை ஆய்வகத்தில் தராசைச் சரிபார்க்க வைத்திருக்கும் எடைக்கற்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே போனார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் அடுக்கினார். திரும்பி வந்த நர்ஸ், “சார், கல்லுக்கு அட்மிஷன் கிடையாது” என்றாள். தராசு இம்மி பிசகாமல் சரியாக இருந்தது. சரியாக இருக்கும் தராசைப் பார்த்து ஒரு மனிதர் கண் கலங்கியதை அந்த நர்ஸ் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

கொழுந்தியாளுக்குக் காய்ச்சல் வந்து அவள் வராத ஒரு நாள், குப்பைக்கூடையைக் காலி செய்யும் வேலை இவருக்கு வந்தது. கூடையைச் சுற்றி எறும்பு. அடியில் காகிதக் கைக்குட்டையில் சுருட்டி ஏதோ. பிரித்தால் பாதாம். பல் படாத பாதாம். சாக்லேட்டும் கேரமலும் துளி இல்லாமல் சப்பித் துப்பிய சுத்தமான பாதாம். உறை எத்தனையோ பாதாமும் அத்தனை.

அவருடைய ஆய்வகத்தில் மிட்டாயை அப்படியே சோதிப்பதில்லை. கல்லாக உறையவைத்து, இயந்திரத்தில் மாவாக அரைத்து, எது சாக்லேட் எது பாதாம் என்று கடவுளுக்கே தெரியாதபடி ஆக்கிய பிறகுதான் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதிப்பார்கள். கட்டத்தில் இருப்பது அந்த மாவின் கணக்கு. அது சத்தியமான கணக்குதான். ஆனால் உலகத்தில் யாரும் அந்த மாவைத் தின்பதில்லை என்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. பாதாமை நீக்கிவிட்டால் கலோரியில் கால்வாசி போயிற்று. புரதத்தில் பாதி போயிற்று. தினமும் சாயங்காலம் அவர் அவளுக்கு வாசித்தது, அவள் தின்னாத உணவின் சத்து.

கைக்குட்டையோடு கட்டிலருகே போய் நின்றார். அவள் பார்த்தாள்.

“வாயெல்லாம் புண்ணுங்க. கடிச்சா உயிர் போகுது.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்து உக்காந்து கணக்கு சொல்ல ஆரம்பிச்சிடுவீங்க. அது ஒண்ணைச் சொல்லும்போதுதான் உங்க முகத்துல கொஞ்சம் உயிர் இருக்கும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “தங்கச்சியைத் திட்டாதீங்க. நான்தான் சொல்ல வேணாம்னேன்” என்றாள்.

அவர் யாரையும் திட்டவில்லை. தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். மிட்டாய்களை உறையவைத்து வீட்டு மிக்ஸியில் போட்டு மையாக அரைத்தார். ஆய்வகத்தில் வரும் அதே பழுப்பு மாவு, இம்மி குறையாத சத்து. கரண்டியில் எடுத்து ஊட்டினார். இரண்டாவது கரண்டியில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது மிட்டாய் இல்லீங்க. இது உங்க ஆபீஸு.”

மூன்றாவது கரண்டி உள்ளே போனது. போன வழியே முதலிரண்டையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாள் அவள் கரண்டியைப் பார்த்தே குமட்டினாள். அவர் மிக்ஸியைக் கழுவி எடுத்து வைத்தார்.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது தராசு முப்பத்தாறு காட்டியது. இவர் எடைக்கற்களைக் கொண்டுபோகவில்லை. ஆனால் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார்: வாய்ப்புண் ஆறட்டும், இன்னும் ஒரு மாதம் கொடுங்கள், சாப்பாட்டைக் குழாய் வழியாக ஏற்றலாமே என்று. டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். குழாய் போடும் கட்டம் தாண்டிவிட்டது, கட்டி மறுபடியும் வளர ஆரம்பித்திருக்கிறது என்று ஸ்கேன் படத்தைக் காட்டினார். பிறகு பேனாவை மூடினார்.

“இனிமே அவங்களுக்குப் புடிச்சதைக் குடுங்க சார். கணக்கெல்லாம் பாக்க வேணாம்.”

இருபது வருடங்களில் அவரிடம் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் டாக்டரம்மாதான். சொந்தக்காரர்களெல்லாம் மனதுக்குள் வேண்டிக்கொண்டது அதைத்தான். அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. மிட்டாய் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். ஒன்றை உரித்தார். சின்னக் கத்தியால் இரண்டாகப் பிளந்து பாதாமை நெம்பி எடுத்தார். மிச்சத்தை நீட்டினார்.

“அதுல ஒட்டியிருக்கறதையும் சுரண்டிக் குடுங்க” என்றாள்.

சுரண்டிக் கொடுத்தார். அவள் கன்னத்தின் ஒரு பக்கம் அதை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகக் கரையவிட்டாள். கரைவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பாதாமை எங்கே போடுவது என்று தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.