நேராகக் கேட்ட கேள்வி

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி, அன்று தோழியின் பேட்மிண்டன் மட்டையுடன் வந்தாள்.

"இதை உயிரா வச்சிருந்தா, இப்போ எனக்கே சும்மா குடுத்துட்டாம்மா. பிடிச்ச பொருளை இப்படித் தூக்கிக் குடுக்கிறது ஆபத்தோட அறிகுறியா இருக்கலாம், உடனே விசாரிக்கணும்னு ஸ்கூல்ல மனநல வகுப்புல சொன்னாங்க. வா, போலாம்," என்றாள்.

ஸ்கூட்டரில் தோழி வீட்டாரின் குவார்ட்டர்ஸுக்கு விரைந்தோம். அவள் பெற்றோர் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. யாழினி தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண் அழுத முகத்துடன் திறந்தாள்.

"செத்துடலாம்னு தோணுதாடி?" என்று யாழினி கேட்டதும் நான் பதறிப்போனேன். அந்தப் பெண்ணோ ஆமாம் என்று தலையசைத்தாள். என் மேல் சாய்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அம்மா வரும்வரை கூடவே இருந்தோம். இப்போது மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுத் தேறி வருகிறாள்.

இப்படிக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அதுவரை பயந்திருந்தேன்; அன்று கேட்டதால்தான் அவள் மனம் திறந்தாள். இப்போதெல்லாம் எந்தப் பிள்ளையின் முகம் வாடியிருந்தாலும், சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

— ஒரு வாசகி, நெய்வேலி